அக்கா, அது பேட்டரி கோளாறு இல்லை

போன கார்த்திகை மாதம். காலை ஏழு மணி இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா வாசல்வரை வந்து, "தம்பி, கடைப்பக்கம் போனா சர்க்கரை மிஷினுக்கு ஒரு பேட்டரி வாங்கியாந்துடுப்பா. ரெண்டு நாளா நம்பரே வர மாட்டேங்குது. ஏதோ இங்கிலீஷ் எழுத்து ரெண்டு காட்டுது" என்றார்.

நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "உம்... வாங்கியாறேங்க்கா" என்றேன்.

சாயங்காலம்தான் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா கட்டிலில் படுத்திருந்தார். நாக்கு வறண்டு பேச்சு குழறியது. ராத்திரி முழுக்க சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை, பத்துத் தடவை எழுந்து போனேன் என்றார். அவர் பிள்ளை திருப்பூரில் இருக்கிறான். வீட்டில் வேறு ஆள் கிடையாது. பேட்டரியை மாற்றி, விரலில் ஒரு சொட்டு எடுத்து வைத்தேன். மிஷின் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணி முடித்துவிட்டு அதே இரண்டு எழுத்தைக் காட்டியது. எச், ஐ.

எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஆங்கிலத்தில் 'ஹை' என்பதன் சுருக்கம் அது. சர்க்கரை மீட்டர்கள் பலவற்றில் 600 மில்லிகிராமுக்கு மேல் போனால் எண் காட்டாது, இந்த இரண்டு எழுத்துதான் வரும். 'என்னால் அளக்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டது, உடனே டாக்டரிடம் போ' என்று அர்த்தம். இரண்டு நாளாக அந்த மிஷின் அதைத்தான் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. அக்கா அதைப் பேட்டரி கோளாறு என்று நினைத்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஆய்வகத்தில் 640 என்று வந்தது. டிரிப்ஸ், இன்சுலின், ஐந்து நாள் படுக்கை. பிழைத்துக்கொண்டார். "இன்னும் ஒரு ராத்திரி தாண்டியிருந்தால் சிரமம்" என்று டாக்டர் சொன்னபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். நெய்வேலியில் மின் நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் மானிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். 'என்ன எழுத்துக்கா காட்டுது?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் காலையிலேயே கிளம்பியிருப்போம்.

அன்றிலிருந்து இந்தச் சின்ன மிஷின்களின் திரையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அக்கா எழுதப் படிக்கத் தெரியாதவர் இல்லை. அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு. தினமும் தமிழ்ப் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பவர். அவருக்குத் தெரிந்த எழுத்தில் பேசத் தெரியாதது அந்த மிஷின்தான்.

ஏன் அது அப்படிப் பேசுகிறது? இந்த மீட்டர்களில் எண் காட்டுவது ஏழு கோடுகள். எட்டு என்ற எண்ணை எழுதிப் பாருங்கள், குறுக்கே மூன்று, நெடுக்கே நான்கு. இந்த ஏழில் சிலவற்றைக் கறுக்க வைத்து பூஜ்யத்திலிருந்து ஒன்பதுவரை காட்டிவிடலாம். ஆங்கிலத்தில் எச், ஐ, எல், ஓ, ஈ, ஆர் ஆகிய எழுத்துகளும் இந்தக் கோடுகளில் ஒருவாறு அடங்கும். அதனால்தான் 'ஹை', 'லோ', 'எர்ரர்' மூன்றும் இப்படிச் சுருங்கிப்போயின. நம் எழுத்தில் ப, ட இரண்டையும் வேண்டுமானால் எழுதலாம். 'படபட' என்று காட்டலாம், அவ்வளவுதான்.

ஆனால் அதே கண்ணாடியில் ரத்தத் துளி படம் இருக்கிறது, பேட்டரி படம் இருக்கிறது. சிலவற்றில் சாப்பாட்டுக்கு முன், பின் என்று காட்ட ஆப்பிள் படம்கூட இருக்கிறது. இவை கோடுகளால் எழுதியவை அல்ல. கண்ணாடியைச் செய்யும்போதே அந்த உருவத்தை வரைந்து, அதற்கு ஒரு மின் இணைப்பு கொடுத்துவிடுவார்கள். சில்லு அந்த இணைப்புக்கு மின்சாரம் தந்தால் படம் கறுக்கும். ஆப்பிள் வரையத் தெரிந்த இடத்தில் 'அதிகம்' என்று எழுதத் தெரியாதா? கண்ணாடிக்கு அதுவும் ஒரு உருவம்தான். அச்சு ஒருமுறை செய்தால் போதும், பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும் தனியாகச் செலவு என்று சொல்ல எதுவுமில்லை.

பேரன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவனிடம் நடந்ததைச் சொன்னேன். "தாத்தா, நாமளே ஒண்ணு செஞ்சு பாக்கலாமா?" என்றான். கல்லூரியில் பிராஜெக்ட் செய்த ஆர்டுயினோ போர்டும், வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரி காட்டும் ஒரு திரையும் அவன் பையில் இருந்தன. நீலமாகவோ பச்சையாகவோ வெளிச்சம் வரும் இந்தத் திரையைப் பல மிஷின்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அந்தத் திரைக்கு ஒரு கதை உண்டு. அதை ஓட்டும் சில்லை முதலில் வடிவமைத்தது ஜப்பானின் ஹிட்டாச்சி. ஓர் எழுத்துக்கு இடம் அகலத்தில் 5 புள்ளி, உயரத்தில் 8 புள்ளி. சில்லுக்குள் ஆங்கில எழுத்துகள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும். பரவலாகக் கிடைக்கும் வகையில் கூடவே ஜப்பானியரின் கட்டகானா எழுத்துகளும் பதிந்திருக்கும். அதாவது, நம் ஊர் மாணவன் வாங்குகிற மலிவுத் திரைக்கு ஜப்பானிய மொழி தெரியும், தமிழ் தெரியாது. ஜப்பான்காரனைக் குறை சொல்ல மாட்டேன். செய்தவன் தன் வீட்டுப் பாட்டியை நினைத்துச் செய்தான். நம் வீட்டுப் பாட்டியை நாம்தான் நினைக்க வேண்டும்.

புதிதாக எழுத்து வரைந்துகொள்ள அந்தச் சில்லில் எட்டே எட்டு இடம் தந்திருக்கிறார்கள். பேரன் விரல்விட்டு எண்ணினான். 'அதிகம்' என்பதற்கு அ, தி, க, ம் என்று நான்கு. 'குறைவு' என்பதற்கு கு, ஐகாரக் கொம்பு, ற, வு என்று நான்கு. சரியாக எட்டு! அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. கட்டம் போட்ட நோட்டில் புள்ளி வைத்து, எட்டையும் நிரலில் எழுதி ஏற்றினான். ஐந்து புள்ளி அகலத்தில் 'தி' எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள், கோழி கிண்டியது போல் இருந்தது. ஆனால் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அதிகம்னு போட்டிருக்கு. என்னடா அதிகம்?" என்றார். எங்களுக்கு அது போதும்.

அடுத்து விருத்தாசலம் போய் வேறொரு திரை வாங்கி வந்தான். தீப்பெட்டியைவிடச் சின்னது. குறுக்கே 128, நெடுக்கே 64, மொத்தம் 8192 புள்ளிகள். இதில் எழுத்து என்று எதுவும் பதிந்திருக்காது. எந்தப் புள்ளி எரிய வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். புள்ளிக்கு ஒரு பிட் என்று கணக்குப் போட்டால் ஒரு முழுத் திரைக்கு 1024 பைட், அதாவது ஒரு கிலோபைட்.

முதலில் வந்தது கோலம். வாசலில் போடுகிற கோலமேதான்! காரணம் பிறகு புரிந்தது. பேரன் படத்தை இடமிருந்து வலமாக எட்டெட்டுப் புள்ளியாக வெட்டியிருந்தான். அந்தத் திரையோ ஒவ்வொரு பைட்டையும் மேலிருந்து கீழாக எட்டுப் புள்ளியாக எடுத்துக்கொள்ளும். அதைச் சரி செய்தால் அடுத்த தலைவலி. கம்ப்யூட்டரில் இருப்பதுபோல் யூனிகோடு முறையில் 'குறைவு' என்று அனுப்பினால், 'றை' என்பதில் 'ற' முதலில் வந்து, கொம்பு அதற்குப் பின்னால் போய் நின்றது. யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் வரிசை அதுதான். கொம்பை முன்னால் தூக்கி வைக்கும் வேலையைக் கம்ப்யூட்டரில் வேறொரு மென்பொருள் செய்கிறது. இந்தச் சின்ன சில்லில் அது கிடையாது. கடைசியில், எழுத்தாக அனுப்பாமல் முழு வாக்கியத்தையும் ஒரு படமாகவே ஏற்றிவிட்டோம். பொத்தானை அழுத்தினால், 'மிக அதிகம். உடனே டாக்டரிடம் போகவும்' என்று பளிச்சென்று வந்தது.

அந்தப் போர்டில் நிரலுக்கு இருக்கும் இடம் 32 கிலோபைட்தான். பத்து எச்சரிக்கைக்குப் பத்து கிலோபைட் போக மீதமும் இருக்கிறது. ஆகவே, 'இடம் போதாது, தொழில்நுட்பம் இல்லை' என்று யாராவது சொன்னால் இனி நான் நம்பமாட்டேன். ஒரு பேரனும் தாத்தாவும் நான்கு நாளில் செய்த வேலை இது.

இந்த நான்கு நாளில் என்னைத் தைத்த விஷயம் இன்னொன்று. போர்டுக்கும் திரைக்கும் நடுவே மின்சாரக் கம்பிகளைத் தவிர இரண்டே இரண்டு கம்பிகள். ஒன்றில் செய்தி போகும், மற்றொன்று தாளம் போடும். 1980களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் கம்பெனி கொண்டுவந்த முறை. ஒரே ஜோடிக் கம்பியில் பல சில்லுகளைக் கோத்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு எண் உண்டு. எங்கள் திரைக்கு எண் 60. போர்டு முதலில் கதவு எண்ணைச் சொல்லிக் கூப்பிடும், பிறகு செய்தியை எட்டெட்டு பிட்டாக அனுப்பும். ஒவ்வொரு எட்டு பிட் முடிந்ததும் ஒன்பதாவது தாளத்தில், கேட்கிற சில்லு கம்பியைக் கீழே இழுத்து 'வந்து சேர்ந்தது' என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அனுப்பியவருக்குக் கோளாறு தெரிந்துவிடும்.

பாட்டி கதை சொல்லும்போது நாம் உம் கொட்டுவோமே, அதேதான். உம் நின்றுவிட்டால், "என்னடா, தூங்கிட்டியா?" என்பார் பாட்டி.

சில்லுக்கும் சில்லுக்கும் நடுவே பத்து சென்டிமீட்டர் கம்பிக்கு இவ்வளவு அக்கறை. ஆனால் திரைக்கும் அக்காவின் கண்ணுக்கும் நடுவே உள்ள ஓரடி தூரத்துக்கு யாரும் பொறுப்பில்லை. எழுத்தைக் காட்டியதோடு மிஷினின் கடமை முடிந்தது. எதிரில் இருப்பவருக்குப் புரிந்ததா என்று கேட்பாரில்லை. என் கட்சி இதுதான். கருவி செய்பவர்கள் கடைசிச் சில்லோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். கணக்கு முடிய வேண்டிய இடம் மனிதர்.

இது புதிய ஞானமும் அல்ல. நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு வந்தது, 1962ல் மின்சாரம் தரத் தொடங்கியது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்கூட சில பழைய மானிகளில் ரஷ்ய எழுத்து மிச்சம் இருந்தது. எனக்கு முந்திய தலைமுறை அதன் கீழே வெள்ளைப் பெயிண்டில் 'நீராவி அழுத்தம்' என்று தமிழில் எழுதி வைத்திருந்தது. அதைவிட முக்கியம், முகப்பில் ஒரு சிவப்புக் கோடு. முள் அதை நெருங்கினால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் பிடித்து உலுக்கி எழுப்புவார். முள்ளைத் தூக்கிவிட்டு எண் வந்தபோது அந்தச் சிவப்புக் கோட்டையும் சேர்த்துத் தூக்கிவிட்டார்கள்.

நம் ஆட்களால் நன்றாகச் செய்ய முடியும் என்பதற்கு வோட்டு மிஷினே சாட்சி. பாரத் எலக்ட்ரானிக்ஸில் அதன் உருவாக்கத்தில் பங்கேற்ற ரங்கராஜனை நமக்கு எழுத்தாளர் சுஜாதா என்றால்தான் தெரியும். 1982ல் கேரளாவின் பரவூரில் முதலில் பயன்படுத்தினார்கள். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் வந்துவிட்டது. அந்த மிஷினைப் பற்றி ஆயிரம் அரசியல் சண்டை நடக்கட்டும், நான் சொல்ல வருவது வேறு. நாம் பொத்தான் அழுத்தும் பெட்டியில் வேட்பாளர் பெயரைக் காட்ட மின்திரையே கிடையாது. பெயரும் சின்னமும் அச்சடித்த தாளைப் பொத்தான்களுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். எந்த மாநிலமோ அந்த மொழி. அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், 'பீப்' என்று சத்தம் வரும். பிறகு சேர்த்த பெட்டியில் சீட்டு ஏழு வினாடி கண்ணுக்குத் தெரியும். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் 'நான் போட்டாச்சு' என்று புரிகிறது. வாக்காளருக்குப் புரிந்தாக வேண்டும் என்று யாரோ மேஜையில் உட்கார்ந்து யோசித்ததன் பலன் அது. சர்க்கரை மீட்டருக்கு அப்படி யோசிக்க ஆளில்லையா?

அமெரிக்காவில் இதே எழுத்து விவகாரம் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. லைஃப்ஸ்கேன் கம்பெனியின் ஷ்யூர்ஸ்டெப் என்ற மீட்டர், சர்க்கரை 500ஐத் தாண்டும்போது 'ஹை' என்று காட்டுவதற்குப் பதிலாக, சில வேளைகளில் 'எர்ரர்' என்பதன் சுருக்கத்தையும் ஒன்று என்ற எண்ணையும் காட்டியது. நோயாளி என்ன நினைப்பார்? மிஷின் கெட்டுவிட்டது என்றுதான், நம் அக்காவைப் போலவே. இந்தக் குறையை அரசிடம் ஒழுங்காகத் தெரிவிக்காத குற்றத்தை 2000 டிசம்பரில் கம்பெனி ஒப்புக்கொண்டது. கட்டிய தொகை மொத்தம் 6 கோடி டாலர். ஆங்கிலம் தெரிந்த நாட்டில், தவறான இரண்டெழுத்துக்கு அந்த விலை. நம் ஊரில் சரியான இரண்டெழுத்தே புரியாத கோடிப் பேர் இருக்கிறோம்.

சாயங்காலம் கோயில் குளக்கரையில் இதைப் பேசினால் நண்பர்கள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். ஒன்று, "இத்தனை மொழி உள்ள நாட்டில் எதை எழுதுவது?" அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இருப்பது 22 மொழி. மொழிக்குப் பத்து எச்சரிக்கை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிலோபைட் என்றால் 220 கிலோபைட். விரல்நகத்தைவிடச் சின்ன மெமரி சில்லில் இதைப் போல் பல மடங்கு கொள்ளும். வாங்கிய அன்று ஒருமுறை மொழியைத் தேர்ந்தெடுத்தால் போதும். இரண்டு, "அதான் செல்போனில் ஆப் வந்துவிட்டதே?" வந்துவிட்டது, சரி. ராத்திரி இரண்டு மணிக்குத் தலை சுற்றும்போது எழுபது வயதில் யார் ஆப் தேடுவது? உயிர்ச் செய்தியை விரலில் குத்துகிற மிஷினே சொல்ல வேண்டும்.

இன்னொரு வாதமும் உண்டு. எல்லாரும் சொல்லத் தயங்குவது. 'காலத்துக்கு ஏற்ப நாம்தான் மாற வேண்டும்.' மாறினோமே! யானைத் துதிக்கை போல் வளைத்து ணை, லை, ளை, னை எழுதி வளர்ந்தவர்கள் நாம். 1978ல் அரசு ஆணை வந்ததும் அந்தத் துதிக்கையை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே கொம்பு என்று ஆக்கிக்கொண்டோம். அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிதாக இருக்கட்டும் என்பதும் ஒரு காரணம். மிஷினுக்காக நம் எழுத்தையே மாற்றியவர்களிடம், மிஷின் நமக்காக ஒரு சொல் கற்றுக்கொள்ளட்டும் என்று கேட்கும் உரிமை இருக்கிறது.

நான் கேட்பது மூன்றுதான். ஆபத்து எச்சரிக்கை சுருக்கெழுத்தில் வராமல், தாய்மொழிச் சொல்லாகவோ குரலாகவோ வர வேண்டும். அந்த எச்சரிக்கை வந்தால், பொத்தானை அழுத்தி 'பார்த்துவிட்டேன்' என்று சொல்லும்வரை மிஷின் விடாமல் சத்தம் போட வேண்டும், அதுதான் மனிதருக்கான உம் கொட்டல். மூன்றாவது, மீட்டரிலிருந்து அளவை வெளியே எடுக்கும் முறையைக் கம்பெனிகள் வெளிப்படையாக எழுதி வைக்க வேண்டும். அக்காவின் மீட்டர் பக்கவாட்டில் கேபிள் சொருக ஒரு துளை இருக்கிறது. ஆனால் அது பேசும் மொழி கம்பெனிக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். இல்லாவிட்டால் பேரன் செய்த திரையை அதிலேயே மாட்டியிருப்போம்.

இதை யார் செய்ய வைப்பது? தனியாக நான் கத்தினால் எந்தக் கம்பெனிக்கும் கேட்காது. அரசு கேட்டால் கேட்கும். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தர 1994ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. 2021லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறது. மொத்தமாக வாங்கும் கைக்கு வலிமை அதிகம். டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும்: 'எச்சரிக்கைகள் தமிழில் வர வேண்டும்.'

அது நடக்கும்வரை நம் கையில் இருப்பது ஸ்டிக்கர். இன்று ராத்திரியே உங்கள் வீட்டு மீட்டரின் முதுகில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். எச், ஐ வந்தால்: மிக அதிகம், உடனே ஆஸ்பத்திரி. எல், ஓ வந்தால்: மிகக் குறைவு, பல மீட்டர்களில் 20க்கும் கீழே என்று பொருள். நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் பிள்ளை வாங்கி வந்த மீட்டர் என்றால் இன்னொன்றும் எழுதுங்கள். அங்கே அளவு முறை வேறு, அதில் 10 என்றால் நம் கணக்கில் 180. பதினெட்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். உங்கள் மீட்டரின் சரியான எல்லையை, கூட வந்த கையேட்டில் பேரப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்காவின் மீட்டரில் வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டேன். போன வாரம் எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது. "தம்பீ, ஈ போட்டு மூணுன்னு காட்டுதுடா! நீ ஒட்டின சீட்டுல இது இல்லியே!"

பேப்பரைப் போட்டுவிட்டு ஓடினேன். பட்டையைத் தலைகீழாகச் சொருகியிருந்தார். அதையும் சீட்டில் எழுதிச் சேர்த்துவிட்டு, அங்கேயே ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன்.